எபாக்சியில் கனிமத் தூள்: வாசகர் கேள்வி – பதில்

எபாக்சி ரெசினில் கனிமத் தூள் கலப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறோம். பதில்களில் வரும் கணக்குகள் சாதாரண திரவ எபாக்சி ரெசினுக்கானவை (எபாக்சி ஈக்விவலென்ட் எடை, அதாவது ஒரு மோல் எபாக்சி முனை அடங்கிய ரெசினின் கிராம் எடை, 188 அளவில்). ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர், ட்ரைஎத்திலீன்டெட்ராமைன் என்ற அமைன், 100 கிராம் ரெசினுக்கு 13 கிராம். உங்கள் ஹார்டனர் வேறு என்றால் அதன் தொழில்நுட்பத் தாளில் உள்ள விகிதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

கேள்வி: 100 கிராம் ரெசினுக்கு 150 கிராம் குவார்ட்ஸ் தூள் போட்டால் கலவை களி போல ஆகிவிடுகிறது. அதே 150 கிராம் பேரைட் (பேரியம் சல்ஃபேட் கனிமம்) போட்டால் தாராளமாக ஊற்ற வருகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே நைஸ்தான். ஏன் இப்படி?

தராசு உங்களை ஏமாற்றுகிறது. ரெசினுக்குத் தூளின் எடை தெரியாது. அது அடைக்கும் இடம் மட்டுமே தெரியும்.

கணக்கைப் பாருங்கள். ரெசின் 100, ஹார்டனர் 13, ஆக 113 கிராம். அடர்த்தி 1.15 என்று வைத்தால் கனஅளவு 98 மில்லி. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. ஆகவே 150 கிராம் என்பது 57 மில்லி. மொத்தம் 155 மில்லியில் தூளின் பங்கு 36.5 சதவீதம். பேரைட்டின் அடர்த்தி 4.4. அதே 150 கிராம் வெறும் 34 மில்லிதான். பங்கு 26 சதவீதத்துக்கும் கீழே. எடைக்கணக்கில் இரண்டும் 57 சதவீதம். கனஅளவில் பார்த்தால் வேறு வேறு கலவை.

இந்தப் பத்து சதவீத வித்தியாசம் சின்னதாகத் தோன்றலாம். ஆனால் பாகுத்தன்மை நேர்கோட்டில் ஏறுவதில்லை. தூள் மிகக் குறைவாக இருக்கும்போது ஐன்ஸ்டைனின் பழைய சூத்திரம் பொருந்தும்: கனஅளவுப் பங்கை 2.5-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் எத்தனை மடங்கு தடிக்கும் என்று தெரியும். சில சதவீதத்தைத் தாண்டியதும் அது உதவாது. துகள்கள் ஒன்றையொன்று இடிக்க ஆரம்பித்துவிடும். ஒரே அளவுள்ள உருண்டைகளைத் தாறுமாறாகக் கொட்டி எவ்வளவு நெருக்கினாலும் 64 சதவீதத்துக்கு மேல் இடம் நிரம்பாது. அந்த எல்லையை நெருங்க நெருங்கக் கலவை செங்குத்தாகத் தடிக்கும். உருண்டைத் துகள் என்று வைத்துக் கணக்கிட்டால், 26 சதவீதத்தில் வெறும் ரெசினைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல், 36-இல் நான்கு மடங்கு, 50-இல் பதினோரு மடங்கு, 60-இல் எண்பது மடங்கு. உடைத்து அரைத்த குவார்ட்ஸ் உருண்டை அல்ல, கூர்முனை உள்ளது. அதற்கு இதைவிட மோசமாகவே வரும்.

குவார்ட்ஸையே அதிகம் ஏற்ற வேண்டுமென்றால் இரண்டு நைஸ் கலந்து போடுங்கள். 100 மைக்ரான் தூள் 70 பங்கு, 10 மைக்ரான் தூள் 30 பங்கு. பெரிய துகள்களின் இடுக்குகளில் சின்னவை போய் உட்கார்ந்துகொள்ளும். மொத்தத் தூள் மாறாமலே கலவை இளகும். இரண்டு அளவுக்கும் இடையே ஏழு மடங்காவது வித்தியாசம் வேண்டும். 100-உம் 60-உம் கலந்து பயனில்லை. வெறும் நைஸ் தூளை மட்டும் போட்டால் பரப்பளவு எக்கச்சக்கமாகி, நனைக்கவே ரெசின் போதாமல் போய்விடும்.

இனி எந்த இரண்டு தூளை ஒப்பிட்டாலும் முதலில் அடர்த்தியால் வகுத்துவிட்டுப் பேசுங்கள். சுண்ணாம்புக்கல் தூள் 2.7, டால்க் 2.75, அலுமினியம் ட்ரைஹைட்ரேட் 2.42, அலுமினா 3.9, ஃபியூஸ்டு சிலிக்கா (உருக்கி ஆறவைத்த சிலிக்கா) 2.2.

கேள்வி: தூள் கலந்த ரெசினை டப்பாவில் தயாராக வைத்திருக்கிறோம். தேவைப்படும்போது 100 கிராம் எடுத்து 13 கிராம் ஹார்டனர் விட்டால் ரப்பர் மாதிரி ஆகிறது, மேலே பிசுபிசுப்பு. ஹார்டனர் கெட்டுவிட்டதா?

கெடவில்லை, அதிகமாகிவிட்டது. உங்கள் டப்பாவில் 100 ரெசினுக்கு 150 தூள் இருந்தால், எடுத்த 100 கிராமில் ரெசின் 40 கிராம்தான். அதற்கு வேண்டியது 5.2 கிராம் ஹார்டனர். நீங்கள் விட்டது இரண்டரை மடங்கு. வேலை செய்ய எபாக்சி கிடைக்காத அமைன் உள்ளேயே மிதந்து பொருளை மென்மையாக்கும். மேற்பரப்புக்கு வந்தது காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து பிசுக்காகும். டப்பாவின் மேல் “100 கிராம் கலவைக்கு 5.2 கிராம்” என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

எடுக்குமுன் டப்பாவை அடிவரை கிளறியாக வேண்டும். மேலே ரெசின் தெளிந்து நிற்கும் டப்பாவிலிருந்து எடுத்தால் இந்த 5.2 கணக்கும் பொய்யாகிவிடும்.

கேள்வி: 20 மில்லிமீட்டர் கனத்தில் வார்த்த பலகை ஓரங்களில் மேல்நோக்கி வளைந்துவிட்டது. மேல் பக்கம் பளபளப்பாக, கீழ்ப்பக்கம் சொரசொரப்பாக இருக்கிறது.

தூள் கீழே படிந்துவிட்டது. மேல் அடுக்கில் ரெசின் அதிகம். அது இறுகும்போதும் ஆறும்போதும் அதிகம் சுருங்கி ஓரங்களை மேலே இழுத்திருக்கிறது.

உறுதி செய்ய ஒரு எளிய சோதனை உண்டு. பலகையிலிருந்து மேல் 3 மில்லிமீட்டரையும் கீழ் 3 மில்லிமீட்டரையும் தனித்தனியாகச் சீவி எடுங்கள். ஒவ்வொன்றையும் காற்றில் நிறுங்கள். பிறகு மெல்லிய நூலில் கட்டித் தண்ணீரில் மூழ்கவிட்டு நிறுங்கள். காற்று எடையை, இரண்டு எடைகளின் வித்தியாசத்தால் வகுத்தால் அடர்த்தி. மேலே சொன்ன 150 கிராம் குவார்ட்ஸ் கலவை சீராக இருந்தால் இரண்டு துண்டும் 1.70 அளவில் இருக்க வேண்டும். மேல் துண்டு 1.3 காட்டினால் சந்தேகமே வேண்டாம்.

படியும் வேகம் துகளின் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகத்தைப் பார்க்க, விளக்கெண்ணெய் அளவுக்குத் தடித்த, அதாவது 1000 சென்டிபாய்ஸ் ரெசினில் தனியாக விழும் குவார்ட்ஸ் துகளை எடுத்துக்கொள்வோம். 50 மைக்ரான் துகள் மணிக்கு 7 மில்லிமீட்டர் இறங்கும். 10 மைக்ரான் துகள் அதே ஒரு மணி நேரத்தில் 0.3 மில்லிமீட்டர்தான். கூட்டமாக இருக்கும்போது ஒன்றையொன்று தடுத்து இன்னும் மெதுவாகும். குறைவாகத் தூள் போட்ட கலவைதான் அதிகம் படியும் என்பதற்கு இதுவே காரணம். பலரும் படிகிறதே என்று தூளைக் குறைக்கிறார்கள், நிலைமை மோசமாகிறது.

செய்ய வேண்டியவை: தூளை நைஸாக்குங்கள். அல்லது ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம் ஃபியூம்டு சிலிக்கா (மிக மிக நுண்ணிய சிலிக்காத் தூள்) சேர்த்துக்கொள்ளுங்கள். அசையாமல் இருக்கும்போது அது கலவையைக் கட்டிப்பிடித்து நிறுத்தும், கிளறினால் இளகும். அமைன் ஹார்டனரோடு போகும் கலவைக்கு நீர் ஒட்டாத வகை ஃபியூம்டு சிலிக்காவே நல்லது. சாதாரண வகையின் பிடிப்பு நாளாக ஆகத் தளர்ந்துபோகும். வார்த்தபின் சீக்கிரம் இறுகட்டும் என்று அச்சைச் சூடாக்குகிறீர்கள் என்றால் கவனம்: சூட்டில் முதலில் நடப்பது ரெசின் இளகுவது. இறுக ஆரம்பிப்பதற்குள் அந்தச் சில நிமிடங்களில் துகள்கள் வேகமாக இறங்கிவிடும். கலவை தானாகத் தடிக்கத் தொடங்கும் நேரத்தில் ஊற்றுவதே பாதுகாப்பு.

கேள்வி: தூள் போட்டால் பலம் கூடுமா, குறையுமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

எந்தப் பலம் என்று கேட்காமல் சொல்வதால் வரும் குழப்பம் இது. விறைப்பு நிச்சயம் கூடும்: வெறும் எபாக்சியின் மாடுலஸ் 3 கிகாபாஸ்கல் அளவில், எடையில் 60 முதல் 65 சதவீதம் குவார்ட்ஸ் ஏற்றியது 10-ஐத் தாண்டும். கடினமும் அமுக்கம் தாங்கும் திறனும் பொதுவாகக் கூடும். நீட்சி நிச்சயம் குறையும்: அறுந்துபோகும் முன் 4 அல்லது 5 சதவீதம் நீளக்கூடியது, நிறைய ஏற்றினால் 1 சதவீதம் அளவுக்கு வந்துவிடும். இழுவலிமைதான் இரண்டு பக்கமும் போகும். பருமனான, ஒட்டாத துகள் போட்டால் குறையும். நைஸான, நன்றாக ஒட்டிய துகள் என்றால் நிலைக்கும், சில சமயம் சற்று ஏறும். ஊசி வடிவ வோலஸ்டோனைட், தகடு வடிவ மைக்கா ஆகியவை, அதே கனஅளவில் உருண்டைத் துகளைவிட விறைப்பை அதிகம் கூட்டும். பதிலுக்குக் கலவையை அதிகம் தடிக்கவும் செய்யும்.

துகள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. 100 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள தூள் போட்ட துண்டை முறித்து, முறிந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். துகள் கழன்று போன இடத்தில் வழுவழுப்பான குழிகள், எதிர்ப்பக்கத்தில் சுத்தமாகத் துருத்திய துகள்கள் தெரிந்தால் ஒட்டவில்லை. துகளே உடைந்திருந்தாலோ அதன்மேல் ரெசின் பிசிறு இருந்தாலோ ஒட்டியிருக்கிறது.

ஒட்டவைக்கச் சைலேன், அதாவது ஒரு முனையால் தூளையும் மறுமுனையால் ரெசினையும் பிடிக்கும் சிலிக்கான் சேர்மம். குவார்ட்ஸ், கண்ணாடி, அலுமினா, மைக்கா, வோலஸ்டோனைட் போன்றவற்றுக்கு இது பிடிக்கும். எபாக்சி முனை உள்ள கிளைசிடாக்சிப்ரொபைல் ட்ரைமெதாக்சி சைலேன் ஒரு கிராம் சுமார் 330 சதுர மீட்டர் பரப்பை மூடும். உங்கள் தூளின் பரப்பளவு கிராமுக்கு 3 சதுர மீட்டர் என்றால் 100 கிராமுக்கு 0.9 கிராம் போதும். எத்தனால் 95 மில்லி, தண்ணீர் 5 மில்லி கலந்து, அசிட்டிக் அமிலம் சொட்டு விட்டு பிஹெச் 5-க்குக் கொண்டுவந்து, 2 கிராம் சைலேனைக் கிளறிக்கொண்டே விடுங்கள். பத்து நிமிடம் கழித்து இதில் 45 மில்லியை எடுத்து 100 கிராம் தூளில் ஊற்றிப் பிசையுங்கள்; கெட்டியாக இருந்தால் இன்னும் கொஞ்சம் எத்தனால். தட்டில் பரப்பி எத்தனால் முழுக்கப் போகும்வரை காற்றோட்டமான இடத்தில் உலர்த்திய பிறகே அடுப்பில் வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் ஆவி தீப்பிடிக்கும். 110 டிகிரியில் ஒரு மணி நேரம். கட்டிகளை நொறுக்கிச் சலித்தால் தயார்.

இவ்வளவு பாடு வேண்டாம் என்றால், தூள் எடையில் 1 சதவீதம் சைலேனை நேராக ரெசினிலேயே கலக்கலாம். பலன் சற்றுக் குறையும், வேலை பாதியாகும். அமைன் முனை உள்ள சைலேனை மட்டும் இருப்பு வைக்கும் ரெசினில் விடாதீர்கள், அது ரெசினோடு வினைபுரிய ஆரம்பித்துவிடும். சைலேனின் உண்மையான ஆதாயம் உலர்ந்த துண்டில் அவ்வளவாகத் தெரியாது. சில மணி நேரம் கொதிநீரில் போட்டு எடுத்து முறித்தால்தான் தெரியும்: சைலேன் இல்லாததில் தண்ணீர் துகளின் ஓரம் வழியே புகுந்து பிடியை விடுவித்திருக்கும்.

சுண்ணாம்புக்கல் தூளில் சைலேன் சரியாகப் பிடிக்காது. ஸ்டியரிக் அமிலம் பூசி வரும் சுண்ணாம்புக்கல் தூள் பிளாஸ்டிக் தொழிலுக்கானது. எபாக்சியில் அது நன்றாகக் கலக்கும், ஆனால் ஒட்டாது.

கேள்வி: எஃகுத் துண்டை உள்ளே வைத்து வார்க்கிறோம். 130 டிகிரியில் இறுக வைத்து ஆறவிட்டால் மறுநாள் துண்டின் மூலையிலிருந்து விரிசல் ஓடுகிறது. தூள் போட்டால் நிற்குமா?

பெரும்பாலும் நிற்கும். ஒரு டிகிரி மாறும்போது ஒரு மீட்டர் எபாக்சி 60 மைக்ரான் அளவில் நீளும் அல்லது சுருங்கும். எஃகு 12 மைக்ரான், தாமிரம் 17, அலுமினியம் 23. உங்கள் வார்ப்பு 130-லிருந்து 20-க்கு வரும்போது 110 டிகிரி இறங்குகிறது. எஃகைவிட எபாக்சி அதிகப்படியாகச் சுருங்க விரும்பும் அளவு 0.53 சதவீதம். எடையில் 60 முதல் 65 சதவீதம் குவார்ட்ஸ் போட்ட எபாக்சியின் விரிவு 30 முதல் 37 மைக்ரானுக்குள் வரும். 33 என்று வைத்தால் அதிகப்படிச் சுருக்கம் 0.23 சதவீதமாகக் குறைகிறது. ஃபியூஸ்டு சிலிக்கா தானே 0.5 மைக்ரான்தான் விரியும் என்பதால் அதே கனஅளவுக்கு இன்னும் கீழே இறக்கும்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சுருக்கம் பாதியாகும்போது நீட்சியும் சரிந்து, விறைப்பு மூன்று நான்கு மடங்காகிவிடுகிறது. ஆகவே கூர்மூலையை அப்படியே விட்டுவிட்டுத் தூளை மட்டும் நம்பினால் விரிசல் திரும்ப வரலாம். எஃகுத் துண்டின் மூலைகளை 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டுங்கள். துண்டையும் அச்சோடு சேர்த்துச் சூடாக்கிய பின் கலவையை ஊற்றுங்கள். இறுகியதும் வெளியே எடுத்துவிடாமல் அடுப்புக்குள்ளேயே மெதுவாக ஆறவிடுங்கள்.

கேள்வி: 40 மில்லிமீட்டர் கனமாக ஊற்றினால் நடுவில் பழுப்பேறிப் புகைகிறது. தூள் எந்த அளவுக்கு உதவும்?

இந்தக் கலவை ஒரு கிராம் இறுகும்போது 500 ஜூல் அளவில் வெப்பம் விடும். வெளியே போக வழியில்லை என்று வைத்து, வெப்பக் கொள்ளளவு 2 ஜூல் என்று போட்டால் 250 டிகிரி ஏறும். எடையில் 60 சதவீதம் குவார்ட்ஸ் இருந்தால் வெப்பம் விடுவது 40 சதவீதம் மட்டும். குவார்ட்ஸும் தன் பங்குக்குக் கிராமுக்கு 0.8 ஜூல் வாங்கிக்கொள்ளும். ஏற்றம் 155 டிகிரி அளவுக்கு வரும். கூடவே வெப்பக் கடத்தல் எண் 0.2-லிருந்து 0.7 – 0.9 ஆக உயர்வதால் நடுவிலுள்ள சூடு வெளியே ஓடவும் வழி கிடைக்கும். அப்படியும் 40 மில்லிமீட்டருக்கு ட்ரைஎத்திலீன்டெட்ராமைன் சரியான தேர்வு அல்ல. மெதுவான ஹார்டனருக்கு மாறுங்கள், இல்லையேல் இரண்டு மூன்று தடவையாக ஊற்றுங்கள். சூடான ரெசினில் தூளைக் கலந்துவிட்டு அதே சூட்டில் ஹார்டனர் விடுவதும் பழுப்புக்கு ஒரு காரணம். பத்து டிகிரி ஏறினால் வேலை நேரம் ஏறக்குறைய பாதியாகும்.

கேள்வி: தூள் போட்ட வார்ப்பில் ஊசிமுனைக் குமிழிகள். வெறும் ரெசினில் வருவதில்லை.

தூள் இரண்டு விதமாகக் குமிழியைக் கொண்டுவருகிறது: ஈரமாகவும், துகள் இடுக்கில் சிக்கிய காற்றாகவும். 100 கிராம் தூளை 110 டிகிரியில் மூன்று மணி நேரம் வைத்து மறுபடி நிறுங்கள். அரை கிராம் குறைந்தாலே அது குமிழிக்குத் தாராளம். அன்ஹைட்ரைடு ஹார்டனர் பயன்படுத்துகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே ஈரம் குமிழியோடு நிற்காது; ஹார்டனரையே அமிலமாக்கி விகிதத்தைக் கெடுக்கும்.

உலர்ந்த தூளை 50 – 60 டிகிரி ரெசினில் நான்கைந்து தவணையாகப் போடுங்கள். ஒவ்வொரு தவணையும் நனைந்து மினுமினுப்பு வந்த பிறகு அடுத்தது. பிறகு வெற்றிடப் பம்ப். பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கலவை இருக்கக் கூடாது, நுரைத்துப் பொங்கி வெளியே வழிந்துவிடும். பொங்கியது தானே உடைந்து அடங்கியபின் பத்து நிமிடம் விட்டால் போதும். 30 டிகிரிக்கு ஆறவிட்டு ஹார்டனர்; மெதுவாகக் கிளறி, குறுகிய நேரத்துக்கு மறுபடி வெற்றிடம்.

கேள்வி: எந்த வேலைக்கு எந்தத் தூள் என்று சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

அமிலம் படுகிற இடத்தில் சுண்ணாம்புக்கல் தூள் கூடவே கூடாது, நுரைத்துக் கரைந்துபோகும். குவார்ட்ஸ் அல்லது பேரைட். பின்னால் இழைத்துத் தேய்க்க வேண்டிய பொருளுக்கு டால்க், சுண்ணாம்புக்கல். குவார்ட்ஸ், கடினத்தைக் காட்டும் மோஸ் அளவில் 7, ஆயுதத்தின் முனையைத் தின்றுவிடும். தேய்மானம் தாங்க அதே குவார்ட்ஸ், இன்னும் வேண்டுமென்றால் மோஸ் 9 உள்ள அலுமினா. வெப்பத்தைக் கடத்தவும் அலுமினாதான். மின்காப்பு வார்ப்புகளில் குவார்ட்ஸ் வழக்கம். ஆனால் சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு வாயு நிரம்பிய சுவிட்ச்கியருக்குள் அலுமினா போடுவார்கள்; மின்பொறியில் அந்த வாயு சிதைந்து உருவாகும் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு சிலிக்காவை அரிக்கும். தீத்தடுப்புக்கும் மேற்பரப்பில் மின்தடம் ஓடாமல் இருக்கவும் அலுமினியம் ட்ரைஹைட்ரேட். இது 200 டிகிரியை ஒட்டிச் சிதைந்து, தன் எடையில் 34.6 சதவீதத்தைத் தண்ணீராக விடும். அதனால் மேற்சொன்ன புகையும் வார்ப்பில் இதைப் போட்டால் உள்ளிருந்தே உப்பும். தவிர, பத்துப் பதினைந்து சதவீதம் போட்டுத் தீத்தடுப்பு எதிர்பார்க்க வேண்டாம்; எடையில் பாதிக்கு மேல் வேண்டும்.

நிறம் பற்றியும் பலர் கேட்டிருந்தார்கள். குவார்ட்ஸின் ஒளிவிலகல் எண் 1.55-ஐ ஒட்டியது, எபாக்சியும் அப்படியே. அதனால் வெள்ளைத் தூள் ரெசினுக்குள் போனதும் மங்கிய கண்ணாடிபோல் ஆகிவிடும். வெண்மை வேண்டுமென்றால் டைட்டானியம் டைஆக்சைடுதான் சேர்க்க வேண்டும்.

குவார்ட்ஸ் தூளைக் கொட்டும்போதும், இறுகிய வார்ப்பை அறுக்கும்போதும் துணியை முகத்தில் கட்டிக்கொள்வது காவலே அல்ல. படிகச் சிலிக்கா தூசி சிலிக்கோசிஸ் வரவழைக்கும். 1997-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்பில் சேர்த்தது. நுண்தூசி வடிகட்டும் முகமூடி, உறிஞ்சு விசிறி, ஈர அறுப்பு மூன்றும் வேண்டும்.

கேள்வி: இறுகிப்போன துண்டில் எவ்வளவு தூள் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியுமா?

எரித்துப் பார்க்கலாம். 3 கிராம் துண்டைப் பீங்கான் மூசையில் வைத்து, புகைபோக்கியின் கீழ் முதலில் 400 டிகிரிவரை மெதுவாக ஏற்றுங்கள். அவசரப்பட்டால் பற்றிக்கொண்டு தூளையும் அள்ளிக்கொண்டு போகும். பிறகு 550 டிகிரியில் கருப்பு முழுக்கப் போகும்வரை வையுங்கள். குவார்ட்ஸ் என்றால் மிஞ்சியதுதான் தூள். முதல் கேள்வியின் கலவையில் 57 சதவீதம் வர வேண்டும். சுண்ணாம்புக்கல் என்றால் 600-ஐத் தாண்டாதீர்கள். தாண்டினால் கரியமில வாயு வெளியேற ஆரம்பித்து, முழுக்க வெந்தால் எடையில் 44 சதவீதம் காணாமல் போகும். அலுமினியம் ட்ரைஹைட்ரேட்டில் தண்ணீர் எப்படியும் போய்விடும், மிஞ்சியதை 0.654-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.